பட்டறைச் சிறு கத்தி: வாங்கிய பிறகு தொடங்கும் வேலை

ருவான்வெல்லைப் பக்கத்துக் கொல்லன் பட்டறையில் அடித்த சிறு கத்தியை வாங்குகிறவர் அரைக் கத்தியைத்தான் வாங்குகிறார். நல்ல இரும்பு, சரியான தோய்ச்சல் (காய்ச்சி நனைத்துக் கடினமாக்குவது), நேரான அலகு ஆகிய மூன்றையும் பாஸ், அதாவது பட்டறைக் கொல்லர், கொடுத்துவிடுவார். வெட்டும் இடத்தை மெலிவாக்குவது, பிடியைக் கைக்கு இணக்குவது, இந்த மழைநாட்டில் துருப்பிடிக்காமல் காப்பது எல்லாம் நம் தலையில். அதைச் செய்யாமல் "கடைக் கத்தியே மேல்" என்று சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். கடைக் கத்தி முதல் நாளில் மேலாக இருக்கலாம். பட்டறைக் கத்தியோ வேலை பார்க்கப் பார்க்கத்தான் நன்றாகும்.

இங்கே சொல்வது மடங்காத சிறு கத்தியைப் பற்றி மட்டும். அலகு 9 முதல் 11 சென்டிமீட்டர், பிடியும் ஏறக்குறைய அதே நீளம். பாக்குச் சீவ, கயிறு அறுக்க, மிளகுக்கொடி ஒதுக்க, பலாக்காய் துண்டுபோட, மீன் கழுவ, சாக்கு கிழிக்க என்று ஒரு நாளில் பத்து வேலைக்கு எடுக்கிற கத்தி. மன்னாக் கத்திக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் இந்த முறைகள் முழுதாகப் பொருந்தா. இறப்பர்ப் பால் வெட்டும் கத்தி முற்றிலும் வேறு சாதி. அதன் வளைந்த வாயைத் தீட்டுவது தனிக் கலை.

என் கத்தியின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட உதவும். அலகின் நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 24 மில்லிமீட்டர், முதுகின் கனம் பிடியோரத்தில் 3 மில்லிமீட்டர், முனையை நெருங்கும்போது அதில் பாதி. லொறி வில்லுத் தகட்டில் அடித்தது. பிடி கித்துல், பூண் பித்தளை. அலகில் சுத்தியல் தடம் அப்படியே தெரிகிறது. அதை ஒருநாளும் அழிக்க மாட்டேன். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. மேடுபள்ளமான பக்கத்தில் ஈரமான வாழைத்தண்டும் கிழங்கும் ஒட்டுவது குறைவு.

வாங்கும் முன்

சந்தையில் விரித்து வைத்திருப்பதை வாங்குவதைவிடப் பட்டறைக்கே போவது நல்லது. சிங்களக் கிராமங்களில் "கம்மல எங்கே" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கத்தியைக் கையில் எடுத்ததும் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகை முனைவரை நோக்குங்கள். வளைவோ முறுக்கோ இருந்தால் வேண்டாம். தோய்ச்சல் வைத்த பிறகு வளைவெடுக்கப் போனால் அலகு முறியலாம்.

2. பிடியைத் தளர்வாகப் பிடித்து, அலகின் நடுவில் நகத்தால் சுண்டுங்கள். தெளிவாக ஒலிக்க வேண்டும். செத்த சத்தம் வந்தால் பிடி ஆடுகிறது, அல்லது எங்கோ வெடிப்பு இருக்கிறது.

3. வெடிப்பைத் தேடுங்கள். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தையும் வாயோரத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. பாஸின் அனுமதியோடு ஒரு பழைய அரத்தை வாயின் அடியோரத்தில் லேசாகத் தள்ளிப் பாருங்கள். அரம் வழுக்கினால் இரும்பு கடினம். கொஞ்சம் கடித்துக்கொண்டு நகர்ந்தால் வேலைக்குத் தோதான பதம். வெண்ணெயில் போவதுபோல் ஆழமாகத் தின்றால் தோய்ச்சலே ஏறவில்லை.

5. முதுகின் கனத்தைப் பாருங்கள். சிறு கத்திக்கு 3 மில்லிமீட்டர் தாராளம். 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அது கத்தி உருவத்தில் இருக்கும் உளி.

கடைசி விஷயத்தைப் பாஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். "பாஸ், காடு வெட்ட இல்ல, கறிக்கும் பாக்குக்கும்தான். மெல்லிசா அடிச்சுத் தாங்க." இந்த ஒரு வரி உங்களுக்கு அரைநாள் தேய்ப்பு வேலையை மிச்சப்படுத்தும். பட்டறைக்காரர்கள் கனமாக அடிப்பதற்குக் காரணம் உண்டு. வாங்கிப் போகிறவர் அதைக் கொண்டு தேங்காயும் உடைப்பார், தகர டின்னும் திறப்பார், முறிந்தால் சண்டைக்கு வருவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம்

லொறி, பஸ் வில்லுத் தகடு ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் கரி கலந்த உருக்கு. முறியாமல் வளைந்து மீள்வதற்கென்றே செய்தது. அதனால் அடி தாங்கும், தீட்டவும் எளிது. சவர அலகுபோல நீண்ட நாள் கூர் நிற்காது. சிறு கத்திக்கு இது நல்ல சமரசம் என்பது என் கருத்து. பழைய அரத்தில் அடித்த கத்தி கூராக நிற்கும், ஆனால் பதம் தவறியிருந்தால் பொறிந்து போகும். கட்டடக் கம்பியில் அடித்ததை வாங்கவே வேண்டாம்.

சப்ரகமுவவுக்கும் உருக்குக்கும் பழைய உறவு உண்டு. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், பருவக்காற்றின் வேகத்திலேயே எரிந்த பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் தோண்டியெடுத்தார். துருத்தி இல்லாமலே அந்த உலைகளில் நல்ல கரி உருக்கு எடுக்க முடிந்தது என்பதை உலை கட்டி எரித்தே காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆனந்த குமாரசுவாமியும் கண்டிய கைவினைகளைப் பற்றிய தம் 1908ஆம் ஆண்டு நூலில் கொல்லர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார். இன்று நம் பாஸின் உலைக்கு வருவது பழைய லொறியின் வில்லு. அதில் குறைபட ஒன்றுமில்லை.

வாயை மெலிவாக்குவது

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புதுக் கத்தி வெட்டவில்லை என்றதும் எல்லோரும் வாயை மட்டும் தீட்டுகிறார்கள். கூர் ஏறுகிறது, தாள்கூட அறுபடுகிறது. ஆனால் கிழங்கில் இறக்கினால் பாதியில் நின்றுகொண்டு கிழங்கைப் பிளக்கிறது. காரணம் கூர் இல்லாமை அல்ல, வாய்க்கு மேலே இருக்கிற கனம். வாயிலிருந்து 2 மில்லிமீட்டர் மேலே அலகின் கனம் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும்.

தேவையானவை: இரண்டு பக்கத் தீட்டுக்கல் (ஹார்ட்வெயர் கடையில் கிடைக்கும் சாதாரண கார்பொரண்டம் போதும்), ஈரச் சாக்கு, ஒரு வாளி தண்ணீர், கறுப்பு மார்க்கர் பேனா, பழைய துணி.

1. முதலில் கல்லைச் சமப்படுத்துங்கள். வீட்டிலிருக்கும் கல் நடுவில் குழிந்துதான் இருக்கும். சமமான சிமெந்துத் தரையில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். குழி மறையும்வரை விடாதீர்கள்.

2. கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரச் சாக்கின் மேல் அசையாமல் வையுங்கள். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை நல்லது. தரையில் குந்தியிருந்து செய்தால் கோணம் ஆடும்.

3. அலகின் இரண்டு பக்கத்திலும், வாயிலிருந்து அகலத்தில் பாதிவரை மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசுங்கள்.

4. கல்லின் கரடான பக்கத்தில் அலகை ஏறத்தாழப் படுக்கையாக வைத்து, முதுகை 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். இரண்டு விரலால் அலகை அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். விரல் நுனி வாயைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

5. அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். கறுப்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் இரும்பு தேய்கிறது. முதலில் நடுவில்தான் அழியும். வாய்க்குச் சற்று மேலேவரை கறுப்பு முழுதாக அழியும்படி தொடருங்கள். அழிந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளுங்கள்.

6. இரண்டு பக்கமும் சமமாக வேலை கொடுங்கள். ஒரு பக்கம் இருபது தேய்ப்பு என்றால் மறுபக்கமும் இருபது. ஒரு பக்கம் மட்டும் மெலிந்த கத்தி நேராக வெட்டாது, ஒதுங்கிப் போகும்.

7. முற்றாமல் விளைந்த மரவள்ளிக் கிழங்கு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விரிசல் விடாமல் வெட்டுப்பட்டால் போதும். மேலும் மெலிவாக்காதீர்கள்.

ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலையல்ல. மாலையில் அரைமணி நேரம் என்று சில நாள் செய்தால் கையும் பழகும்.

*கவனம்:* அவசரப்பட்டு மின்சாரச் சாணையில் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் தெரிந்தாலே எச்சரிக்கை. நீலம் படிந்துவிட்டால் அந்த இடம் 300 பாகை அளவுக்குச் சூடேறித் தோய்ச்சலை இழந்துவிட்டது என்று பொருள். அந்த நீலத்தைத் தேய்த்து அழித்தாலும் கடினம் திரும்பி வராது. சாணையில்தான் செய்வது என்றால், வெறும் விரலால் அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் சுடும் முன் தண்ணீரில் அமிழ்த்துங்கள். கண்ணாடி போடாமல் சாணைக்கு முன் நிற்காதீர்கள். சாணைக்கு முன்னால் கையுறையும் சால்வையும் கூடாது, சுழலும் கல் இழுத்துக்கொள்ளும்.

தீட்டுவது

மெலிவாக்கிய கத்தியைத் தீட்டுவது எளிது. கோணத்துக்குப் பாகைமானி வேண்டியதில்லை. அலகின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகை வரும். நான்கிலொரு பங்கு தூக்கினால் 15 பாகைக்குச் சற்றுக் குறைவு. 24 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகின் மையம் கல்லிலிருந்து 8 மில்லிமீட்டர் உயர வேண்டும். தோட்ட வேலைக்கும் பாக்குக்கும் அந்த 8. சமையலுக்கு மட்டும் என்றால் 6. மட்டையை வெட்டி அந்த உயரத்துக்கு ஓர் ஆப்புச் செய்து, ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் கோணத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சில வாரத்தில் ஆப்பு தேவைப்படாது.

1. கல்லின் கரட்டுப் பக்கத்தில் அலகின் ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். மறுபக்க வாயில் பெருவிரலைக் குறுக்காக வருடினால் பிசிறு தட்டுப்பட வேண்டும். வாயின் நெடுக்கே விரலை ஓட்டாதீர்கள். அடியிலிருந்து முனைவரை பிசிறு எழும்பும்வரை பக்கம் மாற்றக்கூடாது.

2. மறுபக்கத்தையும் அப்படியே செய்யுங்கள்.

3. நுண்பக்கத்துக்கு மாறி அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். பக்கத்துக்குப் பத்து, பிறகு ஐந்து, பிறகு ஒன்று மாற்றி ஒன்று.

4. கார்பொரண்டக் கல்லின் நுண்பக்கமும் உண்மையில் கரடுதான். தட்டையான தரை ஓட்டின் மேல் 600, பிறகு 1000 எண் ஈரச் சாண்ட் பேப்பரை ஒட்டி, வாயைப் பின்னுக்கு வைத்து இழுங்கள். முன்னுக்குத் தள்ளினால் தாள் கிழியும்.

5. பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் இருபது முறை இழுத்து முடியுங்கள்.

வெற்றிலையைச் சுருட்டாமல் காற்றில் பிடித்து அறுத்துப் பார்ப்பது நம் ஊர்ச் சோதனை. நரம்பில் தடங்கினால் பிசிறு இன்னும் போகவில்லை, நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

*குறிப்பு:* இடையில் கூர் குறைந்தால் ஒவ்வொரு தடவையும் கல்லுக்குப் போக வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத வளையம் இருக்கும். அதில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு போதும்.

அதிகம் நடக்கிற தவறு, பிசிறு எழும்பும் முன்னே பக்கம் மாற்றுவது. அடுத்தது, முனைக்கு வரும்போது பிடியை உயர்த்த மறப்பது. வாய் வளைந்து ஏறுகிற இடத்தில் பிடியைக் கொஞ்சம் தூக்கினால்தான் அங்கேயும் அதே கோணம் நிற்கும். உயர்த்தாவிட்டால் முனை மொட்டையாகவே இருக்கும். அதை மறைக்க அழுத்துவார்கள், கல்லும் குழியும், முனையும் உருண்டு போகும்.

பிடி

பட்டறைப் பிடிகள் பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். உருண்டைப் பிடி ஈரக் கையில் சுழலும், வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. பிடியைப் பிய்த்து எறியத் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் அரத்தால் தட்டையாக்கி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். குறுகிய பக்கம் வாய்த்திசையில் இருக்கட்டும். பிறகு 120, 240 எண் சாண்ட் பேப்பர். அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் மழைநாளில் வழுக்கும்.

பிடி வெடித்துப் போய்ப் புதிதாகப் போடவேண்டி வந்தால் மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கொய்யா, புளி, முதிர்ந்த பலா நல்லவை. கித்துலின் வெளிவைரம் மிகக் கடினம், கறுப்புக் கோடுகளோடு பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நார் எழும்பிக் கையில் குத்தும், பொறுமையாகத் தேய்க்க வேண்டும். இறப்பர்ப் பலகை தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். மருந்தூட்டாத இறப்பர் மரத்தைப் பூஞ்சையும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். மரத்தை வெட்டி, நிழலில் காற்றுப்பட உலர்த்த வேண்டும். தை, மாசியில் வெட்டி வைத்தால் மழைக்கு முன் ஓரளவு காயும்.

1. காய்ந்த மரத்துண்டில், பிடிக்குள் இறங்கும் இரும்பு வாலைவிடச் சிறிய துளை போடுங்கள்.

2. அலகு முழுவதையும் ஈரத் துணியால் தடிப்பாகச் சுற்றுங்கள். இதைத் தவறவிட்டால் வாலில் ஏறும் சூடு அலகுக்கும் பரவித் தோய்ச்சலைக் கெடுக்கும்.

3. வாலை மட்டும் அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, துளைக்குள் நேராக அழுத்துங்கள். மரம் கருகி வழிவிடும். புகையை முகத்தில் வாங்காதீர்கள். வால் முழுதாக இறங்கும் முன் நிறுத்தி வெளியே எடுங்கள்.

4. ஆறவிடுங்கள். கரியைச் சுரண்டி எடுத்து, துளைக்குள் இரட்டைக் குழாய்ப் பசையை (அரால்டைட் வகை) நிரப்பி, வாலை இறுதிவரை இறக்குங்கள். பழைய முறையில் அரக்கு உருக்கி ஊற்றுவார்கள். அதுவும் நிற்கும், ஆனால் வெயிலில் கிடந்தால் இளகும்.

5. ஒரு நாள் அசைக்காமல் வைத்த பிறகே பிடிக்கு உருவம் கொடுங்கள்.

பிடிக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது காயாத எண்ணெய், பிடி எப்போதும் வழவழவென்றே இருக்கும். காயும் எண்ணெயான ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மீதியைத் துடைத்துவிட்டு இரண்டு மூன்று முறை காயவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்து, அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

உறை

தோலுறை பார்க்க அழகு. ஆனால் வருடத்தில் பல மாதம் மழை பெய்கிற இந்தப் பக்கத்தில் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு அலகுக்கு ஊட்டும். தோலுறை வைத்திருப்பவர்கள் அதை இடுப்பில் கொண்டுபோக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

நான் சிபாரிசு செய்வது தண்ணீர்க் குழாய் உறை. மெல்லிய சுவருள்ள பிவிசி குழாயில், அலகைவிட 3 சென்டிமீட்டர் நீளமான துண்டு எடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டால் இளகும். இடுக்கியால் எடுத்து, அட்டையில் சுற்றிய கத்தியை உள்ளே வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். அட்டையை எடுத்த பிறகு கத்தி தளர்வாக இறங்கும். உறையின் வாயருகில் கொஞ்சம் சுடுநீர் காட்டிப் பிடிப்பை இறுக்கிக்கொள்ளலாம். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை கட்டாயம். நெருப்பில் காட்டி இளக்காதீர்கள். கருகும் பிவிசியின் புகை நச்சு.

கமுகு மட்டையையும் மறக்க வேண்டாம். ஊறவைத்து மடித்துத் தைத்தால் ஒரு பருவத்துக்குத் தாங்கும். செலவில்லை. அளவு பார்க்க முதலில் அதில் ஒன்று செய்துவிட்டுப் பிறகு குழாய்க்குப் போவது புத்திசாலித்தனம்.

துரு, பால், புளி

வில்லுத் தகடு துருப்பிடிக்கும். அதைத் தடுக்கும் முதல் வழி உலர்ந்த துணி. எலுமிச்சை, கொறுக்காய், தக்காளி வெட்டியதும் அப்போதே கழுவித் துடையுங்கள், பாத்திரம் கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உணவுக்குப் பயன்படும் கத்திக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். மாதக்கணக்கில் பெட்டிக்குள் வைப்பதானால் தையல் மெஷின் எண்ணெய் மேல். எடுக்கும்போது சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இறப்பர்த் தோட்டத்தில் வேறு இரண்டு எதிரிகள். பால் உறைய ஊற்றும் போமிக் அசிட் இரும்பை அரிக்கும். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா பித்தளையைத் தின்னும். பித்தளைப் பூண் போட்ட கத்தி நாள்முழுவதும் அமோனியா வாடையில் கிடந்தால் பூணில் வெடிப்பு விழும். பால் ஸ்டோர் வேலைக்கு இரும்புப் பூண் போட்ட கத்தியைக் கொண்டுபோங்கள்.

அலகில் பால் பட்டால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் துடைத்துவிடலாம். உறைந்துவிட்டால் காயவிட்டு, முதுகிலிருந்து வாயை நோக்கித் துணியால் உருட்டினால் தோலாக உரிந்து வரும். பலாப்பால் அப்படி வராது. வெட்டும் முன் அலகிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசுவதுதான் வழி. மறந்துவிட்டால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்பில் இரண்டு தடவை கழுவுங்கள். பலாப்பால் போக அலகை விளக்கில் காட்டுகிற பழக்கம் கெட்டது. மெலிந்த வாய்க்குச் சிறு தீயே போதும், தோய்ச்சல் போய்விடும்.

தேயிலையில் கறுப்பேற்றுவது

நம்மூரில் கைக்கெட்டும் பொருளிலேயே துருவைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்த படிவமாகிறது.

1. அலகைச் சோப்பால் கழுவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பசை முற்றாகப் போகச் செய்யுங்கள். கைரேகை பட்டாலும் அந்த இடம் வெளுத்து நிற்கும்.

2. அரை லீட்டர் தண்ணீரில் நாலு மேசைக்கரண்டி தேயிலைத் தூள் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். வடித்து, வெதுவெதுப்பானதும் மூன்று மேசைக்கரண்டி வினாகிரி சேருங்கள்.

3. உயரமான கிளாஸில் ஊற்றி, அலகு மட்டும் மூழ்கும்படி கத்தியை ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள். அலகு கண்ணாடியில் படக்கூடாது. பிடி நனையக்கூடாது.

4. அரைமணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாம்பல் கலந்த கறுப்பு வந்ததும் போதும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்.

5. தண்ணீரில் கழுவி, அப்பச்சோடாத் தண்ணீரில் ஒருமுறை முக்கி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். வாயை மட்டும் மறுபடி லேசாகத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இது துருவைத் தடுக்கும் கவசமல்ல, தாமதிக்கும் போர்வைதான். செந்துரு தெரிந்தால் எண்ணெயும் சாம்பலும் குழைத்துத் தேயுங்கள். ஆற்று மணலால் தேய்க்காதீர்கள், கறுப்பும் போய்விடும்.

கையைக் காப்பது

- உடலுக்கு வெளியே வெட்டுங்கள். பாக்கைப் பெருவிரலை நோக்கிச் சீவுகிறவர்கள் கத்தி கூரானதும் அந்தப் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். மொட்டைக் கத்தி மன்னித்ததைக் கூர்க் கத்தி மன்னிக்காது.

- விழுகிற கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள். காலை விலக்குங்கள், விழட்டும்.

- கொடுக்கும்போது கீழே வையுங்கள், மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும்.

- முனையால் நெம்பாதீர்கள். மூடி திறக்கவும் சிரட்டை கிளப்பவும் பழைய ஆணி போதும்.

- சந்தைக்கும் பஸ்ஸுக்கும் இடுப்பில் செருகிக்கொண்டு போகாதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோவதென்றால் உறையோடு கடதாசியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். எதற்கு என்று கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

- லயத்து அறையில் பிள்ளைகள் எட்டும் இடம் எது என்று அவர்கள் உயரத்திலிருந்து பாருங்கள். கூரை வளையில் செருகுவது பாதுகாப்பு அல்ல, தூக்கத்தில் மேலே விழும்.

வெட்டுக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். கோப்பித்தூள், மஞ்சள்தூள், சிலந்திவலை எதையும் அப்பாதீர்கள். வைத்தியசாலையில் முதலில் அதைத்தான் வலிக்க வலிக்கக் கழுவி எடுப்பார்கள். அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை, விரல் மடங்கவில்லை, நுனி மரத்துப்போயிருக்கிறது என்றால் தாமதிக்காமல் கரவனெல்லை ஆதார வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வேறொன்றுக்கோ போங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். துருப்பிடித்த கத்தியோ புதுக் கத்தியோ, ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் அங்கே சொல்லிவிடுங்கள்.

பட்டறைக்குத் திரும்ப வேண்டிய நேரம்

நன்றாகத் தீட்டியும் வாய் ஒரே நாளில் ஒரு பக்கமாக மடிந்துபோனால் இரும்பு இளகல். பொடிப்பொடியாகக் கடிபட்டால் அளவுக்கு மீறிய கடினம். இரண்டையும் உறுதிப்படுத்த, ஒரு பித்தளைக் கம்பியின் மேல் வாயைத் தீட்டும் கோணத்தில் வைத்து லேசாக அழுத்தி இழுங்கள். வாய் நெளிந்து மீண்டால் சரியான பதம். நெளிந்தபடியே நின்றால் இளகல், உதிர்ந்தால் கடினம். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஆனால் முதல் தீட்டலில் இதைக் கண்டு பதற வேண்டாம். உலையில் வாயோரத்து இரும்பு கரியை இழந்திருக்கும். இரண்டு மூன்று முறை தீட்டி, அந்தத் தோல் போன பிறகும் அப்படியே இருந்தால்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

போகும்போது பிடியைக் கழற்றிவிட்டு அலகை மட்டும் கொண்டுபோங்கள். பசையும் மரமும் உலைச் சூட்டைத் தாங்கா. இளகலான அலகை மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் வைக்கலாம். கடினமானதை 200 பாகை அளவில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் பதமிறங்கும். பாஸ் அதை நிறம் பார்த்தே செய்வார், வெளிர் வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார். வாயை நீங்கள் மெலிவாக்கியிருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். மெல்லிய வாய் உலையில் முதலில் எரியும். முதுகைக் கீழே வைத்துக் காய்ச்ச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதுதான் தெரியாது.